ஆறாவது இன்னிங்ஸில் அடித்த மணி

ஹெய்டன்பர்க் பேஸ்பால் அணியின் வெள்ளைச் சட்டை வருடத்துக்கு ஒரே ஒரு நாள்தான் அலமாரியை விட்டு வெளியே வரும். வட்டார இறுதி ஆட்டத்தன்று. கடந்த மூன்று வருடமாக வெஸ் டோலஃப்சனின் சட்டை அப்படிப் போய்விட்டு, ஒரு பொட்டு அழுக்கில்லாமல் வீடு திரும்பியிருந்தது. மினசோட்டாவில் துணி துவைக்கிற யாராக இருந்தாலும் இதற்குச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவன் மனைவி காரீனுக்கோ அந்தச் சட்டையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

“இந்தா, மூணு வருஷத்து மடிப்பு கலையாம அப்படியே இருக்கு,” என்று அதை அவன் மடியில் போட்டாள். “இன்னிக்காவது இதுல கொஞ்சம் மண்ணு ஒட்டுமா?”

“அத உங்கப்பாகிட்ட கேளு.”

“ஒன்பது வருஷமா கேட்டாச்சு. அந்த மனுசனுக்குக் காது இருக்கறது தொப்பி கீழ விழாம இருக்கத்தான்.”

காரீனின் அப்பா நார்பர்ட் ஹௌஸ்மன் ஊரில் டிராக்டர் விற்கிறவர், தன்னார்வத் தீயணைப்புப் படையின் தலைவர், அதோடு இருபத்திரண்டு வருடமாக அணியின் மேனேஜர். அவருடைய மருமகன் வெஸ், பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கும் டேங்கர் லாரி ஓட்டுகிறவன். ஆட்டத்தின் நடுவில் வந்து, களைத்துப்போன பந்துவீச்சாளரிடமிருந்து பந்தை வாங்கிக்கொள்ளும் மாற்று வீச்சாளன். அந்த வட்டாரத்தில் அவன் கைக்கு இணையான கை கிடையாது. இது நார்பர்ட்டுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் வம்பே வந்தது.

நல்ல கை என்பதால் அவர் அதைப் பொத்திப் பொத்தி வைத்தார். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில், அதுவும் அணி முன்னணியில் இருந்தால் மட்டுமே வெஸ் பந்துவீசும் மேட்டில் ஏறுவான். மூன்று பேரை அவுட் ஆக்கி ஆட்டத்தை முடித்துவைப்பான். அப்படி முடித்தால் அவன் பெயரில் ஒரு ‘சேவ்’ ஏறும். இதுவரை தொண்ணூற்றொன்பது. இடது பக்க வேலியில் நார்பர்ட் தன் கையாலேயே பெரிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்: வெஸ் – 99.

ஒன்பதாவது வரைக்கும் ஆட்டம் உயிரோடு இருந்தால் எல்லாம் சரிதான். ஆனால் மூன்று வருடமாக அது அதற்கு முன்பே செத்துப்போனது. காரீன்தான் அணியின் ஸ்கோர் எழுதுகிறவள். அவள் நோட்டில் எல்லாம் இருக்கிறது. ஒரு வருடம் ஐந்தாவதில் எதிரணிக்கு நான்கு ரன் போனது, அடுத்த வருடம் ஏழாவதில் ஐந்து, போன வருடம் ஆறாவதில் மூன்று. மூன்று தடவையும் வட்டாரத்தின் மிகச் சிறந்த கை வேலியோரம் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தது.

இந்த வருடம் அந்தக் கைக்கே கெடு வைத்தாயிற்று. தோள்பட்டையில் தசைநார் கிழிந்திருந்தது. வியாழக்கிழமை ஆபரேஷன். “அதுக்கு முன்னாடி முப்பது பந்து போட்டுக்க,” என்றார் டாக்டர். “முப்பத்தொண்ணாவது போட்டா, தைக்கறதுக்கு வேற ஆளப் பாத்துக்க.” ஆபரேஷனுக்கு அப்புறம் பந்துவீச்சு கிடையாது என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. ஆக, இன்று ஜெயித்து மாநிலப் போட்டிக்கே போனாலும் வெஸ் அங்கே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். அவனிடம் மிச்சம் இருந்தது அந்த முப்பது பந்து. அதை உருப்படியாக ஒரு இடத்தில் வீச வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது.

மைதானத்தில் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பு மாமனாரிடம் கடைசியாக ஒரு தடவை பேசிப் பார்த்தான். நார்பர்ட் ஆட்டக்காரர்கள் உட்காரும் கொட்டகையில் பல்குச்சியைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தார். பெஞ்சுக்கடியில், குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கேக் பெட்டி இருந்தது. மூடி சரியாகப் பொருந்தாமல், நீல க்ரீமில் எழுதிய ‘100’ அரைகுறையாகத் தெரிந்தது.

“மாமா, ஒரே ஒரு கேள்வி. ரெண்டு மணிக்கு ஷ்ரோடர் பண்ணை வைக்கோல் போர்ல தீப்பிடிக்குது. தண்ணி வண்டிய எப்ப அனுப்புவீங்க?”

“உடனே.”

“அஞ்சு மணி வரைக்கும் ஷெட்லயே பத்திரமா வெச்சிருக்க மாட்டீங்களா? அஞ்சு மணிக்கு இதைவிடப் பெரிய தீ வந்துட்டா?”

நார்பர்ட் பல்குச்சியை வாயின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ளினார். “மாப்ளே, வைக்கோல் போர் வேற, பேஸ்பால் வேற. உனக்கு இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி. உன் கடைசி ஆட்டம். நீ நூறு போட்டுட்டுப் போற. வேலியில நான் நூறுன்னு எழுதறேன். ஒன்பதாவது வரைக்கும் அந்தக் கைய பாக்கெட்ல போட்டுட்டு உக்காரு. பந்தத் தொட்டேன்னு தெரிஞ்சுது, கேக் கிடையாது.”

பகையாக இருந்தால் சண்டை போடலாம். கேக் வாங்கிவைத்துக் கெடுக்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

எதிரணி ஓஸ்லண்ட். ஹெய்டன்பர்க்குக்கு முதலில் பந்தை எடுத்தவர் கிர்பி, மாட்டு டாக்டர். ஐந்து இன்னிங்ஸ் வரைக்கும் மாட்டுக்கு ஊசி போடுகிற நிதானத்தோடு வீசினார். மூன்றுக்கு இரண்டு என்று ஹெய்டன்பர்க் முன்னால் நின்றது. ஆறாவதில் மனுஷனுக்குக் கை தளர்ந்தது. முதல் ஆள் ஒரு அடி அடித்தான், இரண்டாவது ஆள் அதைவிடப் பெரிய அடி அடித்தான். இரண்டு பேர் ஓட்டப்பாதையில் நிற்க, நார்பர்ட் கொட்டகையிலிருந்து புறப்பட்டார். சுண்ணாம்புக் கோட்டை மிதித்தால் ஆகாது என்று வழக்கம்போல ஒரு குதி குதித்துத் தாண்டி, மேட்டுக்குப் போய் கிர்பியின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். கிர்பி மூன்றாவது ஆளுக்கு நான்கு பந்தும் வெளியே போட்டு, சும்மாவே முதல் பேஸுக்கு நடந்துபோக விட்டார். இப்போது மூன்று பேஸிலும் ஆள். ஒருவர்கூட அவுட் இல்லை. அடுத்து மட்டையோடு வந்தவன் ஓஸ்லண்டின் கொத்தனார் க்ரான்ட்ஸ். வாசற்கதவில் பக்கவாட்டாக நுழைகிற உடம்பு.

வேலியோரம் உட்கார்ந்திருந்த வெஸ் விதை கொறிப்பதை நிறுத்தினான். போன வருடமும் இதே ஆறாவது, இதே மாதிரி மூன்று பேஸிலும் ஆள். விதைப் பொட்டலத்தைக் கீழே வைத்தான்.

அப்போதுதான் ரயில் வந்தது. இடது வேலிக்குப் பின்னால் தானியம் ஏற்றிப்போகும் ரயில், வெள்ளை வெளேரென்று நூற்றுப் பத்துப் பெட்டி. வெள்ளைப் பெட்டிகள் ஓடும்போது மட்டைக்காரன் கண்ணுக்குப் பந்து தெரியாது. அதனால் ஹெய்டன்பர்க் மைதானத்தில் ரயில் போய் முடிகிற வரைக்கும் ஆட்டம் நிற்கும். நடுவர் கையைத் தூக்கினார். கூட்டம் மொத்தமும் எழுந்து பியர் கடைக்கும் சாசேஜ் அடுப்புக்கும் போனது. நார்பர்ட்டும் போனார். அணியின் இன்னொரு மாற்று வீச்சாளன் ஹார்லனும் போனான். இப்படிப்பட்ட நேரத்துக்கென்று நார்பர்ட் வைத்திருந்த ஆள் அவன்தான்.

வேலியோரத்தில் வெஸ்ஸும், வீசும் பந்தைப் பிடித்துக்கொடுக்க உதவிக்கு நிற்கும் கேட்சர் ரூடியும் மட்டும் மிஞ்சினார்கள்.

“க்ளவுஸ எடு,” என்றான் வெஸ்.

“உங்க மாமா என் தோலை உரிச்சிருவாரு.”

“அவரு சாசேஜ் தின்னுட்டு இருக்காரு. ரயிலப் பாரு, இன்னும் எழுபது பெட்டி இருக்கு. எடுடா.”

கையைச் சூடுபண்ணப் போடும் பந்து டாக்டர் கணக்கில் வராது என்று அவனாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டான். முதல் பந்தில் தோள் கத்தியது. எட்டாவதில் முனகியது. பதினைந்தாவதில் வாயை மூடிக்கொண்டது. கடைசிப் பெட்டி மறையும்போது வெஸ் சட்டையெல்லாம் வியர்வையாக நின்றிருந்தான்.

ஆட்டம் தொடங்க வேண்டும். கொட்டகைக்குத் திரும்பிய நார்பர்ட், வாயைத் துடைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்தார். கிர்பியின் முகத்தில் ஈயாடவில்லை. க்ரான்ட்ஸ் மட்டையைச் சுழற்றிக்கொண்டு நின்றான். ‘போய் ஒரு வார்த்தை தைரியம் சொல்லிட்டு வருவோம்’ என்று பெரியவர் புறப்பட்டார். ஒரு மட்டைக்காரனும் ஒரு ரயிலும் ஒரு சாசேஜும் நடுவில் போய்விட்டதில், ஏற்கெனவே ஒரு தடவை போய்வந்தது அவருக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. கோட்டருகே வந்தார். குதித்தார்.

“நார்பர்ட்,” என்றார் நடுவர். “இது ரெண்டாவது தடவை. வீச்சாளர மாத்தியாகணும்.”

ஒரே இன்னிங்ஸில் மேனேஜர் ஒரே வீச்சாளரிடம் இரண்டாம் தடவை போனால், அந்த வீச்சாளர் இறங்கித்தான் ஆக வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. நார்பர்ட் கோட்டுக்கு அந்தப் பக்கம் சிலை மாதிரி நின்றார்.

“முதல் தடவை போன இன்னிங்ஸ்ல போனது!”

“ரயிலுக்கு முன்னாடி போனீங்க.”

“நானா? சான்ஸே இல்ல. ஸ்கோர் நோட்டக் கேளுங்க!”

நடுவர் வலைக்குப் பின்னாலிருந்த மேசைப் பக்கம் திரும்பினார். மைதானமே திரும்பியது. நார்பர்ட் மகளை ஒரு பார்வை பார்த்தார். தொண்ணூற்றொன்பதும் நூறும் கேக்கும் எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தன.

காரீன் நோட்டைப் புரட்டக்கூட இல்லை. “ரெண்டுப்பா.”

“நல்லாப் பாத்துச் சொல்லு. நான் உன் அப்பன்!”

“அதனாலதான் பேனாவுல எழுதியிருக்கேன்.”

ஊர் சிரித்தது. நார்பர்ட் சிரிக்கவில்லை. வேலியோரம் திரும்பி, “ஹார்லன்!” என்று கத்தினார். பதில் சாசேஜ் வரிசையிலிருந்து வந்தது. ஹார்லன் வாய் நிறைய ரொட்டியோடு, சட்டைக் கையெல்லாம் கடுகுச் சாந்து வழிய, “என்னையா?” என்பதுபோல் நெஞ்சில் விரலை வைத்தான்.

அதற்குள் வெஸ் மைதானத்தில் பாதி தூரம் நடந்துவந்துவிட்டான். பியர் கடை இர்மா அவன் நடந்து வருவதைப் பார்த்தாள். ஒன்பது வருடமாக வெஸ் மேட்டுக்கு நடந்தால் அவள் கை தானாகப் பழைய பள்ளிக்கூட மணியின் கயிற்றுக்குப் போகும். மணி அடித்தால் ஆட்டம் முடியப்போகிறது, அதற்கு மேல் பியர் கிடையாது என்று அர்த்தம். கணகணவென்று அடித்துவிட்டாள். இருநூறு பேர் அலறிக்கொண்டு கடையை நோக்கி ஓடினார்கள். “இன்னும் மூணு இன்னிங்ஸ் தொண்டை காஞ்சு கிடக்கணுமா?” என்று ஒருவர் கிட்டத்தட்ட அழுதார். “அது மணி இல்ல!” என்று இர்மா கடைக்குள்ளிருந்து கத்தினாள். “பழக்கதோஷம்! பழக்கதோஷம்! போய் உக்காருங்க!”

மேட்டில் மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் நின்றார்கள். கிர்பி பந்தை நார்பர்ட்டிடம் கொடுத்துவிட்டு, விட்டது தொல்லை என்று போய்விட்டார். நார்பர்ட் மருமகனின் ஈரச் சட்டையைப் பார்த்தார்.

“பந்தத் தொடாதேன்னு சொன்னேன்.”

“சொன்னீங்க.”

“ஹார்லன் எட்டு பந்து போட்டு கைய சூடுபண்ணிக்கட்டும். நீ போய் உக்காரு. இப்ப வந்தா ஒன்பதாவது வரைக்கும் உன் முப்பது பந்து தாங்காது. நூறு போயிடும் மாப்ளே. இன்னொரு ஆட்டம் உனக்கு இல்ல.”

“மாமா, தொண்ணூத்தொன்பது தடவை ஆட்டத்தை முடிச்சு வெச்சேன். அதுல பாதி, யார் வந்திருந்தாலும் முடிச்சிருப்பாங்க. ஆட்டம் இப்ப இங்க நிக்குது. இந்தத் தடியன் மட்டையில நிக்குது. இத ஹார்லன்கிட்ட விட்டுட்டு நான் அங்க உக்காந்து நாலாவது வருஷமும் விதை கொறிச்சேன்னா, அப்புறம் சாகற வரைக்கும் அந்த விதைதான் ஞாபகம் இருக்கும். பந்தக் குடுங்க.”

நார்பர்ட் வேலியில் தான் எழுதிய 99-ஐ ஒரு தடவை பார்த்தார். பிறகு பந்தை மருமகன் கையில் வைத்து அழுத்தினார். திரும்பி நடந்தார். கோட்டைக் குதிக்கக்கூட மறந்து மிதித்துக்கொண்டு போனார்.

க்ரான்ட்ஸ் முதல் பந்துக்குச் சுவரை இடிக்கிற மாதிரி மட்டையைச் சுழற்றினான், மட்டையில் காற்றுதான் பட்டது. இரண்டாவதைக் கோட்டுக்கு வெளியே அடித்தான், அதுவும் ஸ்டிரைக் கணக்குதான். மூன்றாவதும் நான்காவதும் வெளியே போயின, அவன் தொடவில்லை. ஐந்தாவது பந்தை வெஸ் முழங்கால் உயரத்தில் போட்டான். தோளில் யாரோ ஆணி அடித்தது போலிருந்தது. க்ரான்ட்ஸ் நின்று பார்த்தான். “ஸ்டிரைக்!” என்றார் நடுவர். மூன்று ஸ்டிரைக் ஆகிவிட்டதால் கொத்தனார் அவுட்.

அடுத்தவன் முதல் பந்தையே வெஸ் பக்கம் திருப்பி அடித்தான். தரையோடு தரையாக, அவனுக்கு இடப்பக்கம் விலகிப் போனது. வெஸ் யோசிக்கவில்லை. வயிறு தரையில் தேய விழுந்து பந்தைப் பிடித்தான். படுத்தபடியே கேட்சருக்கு எறிந்தான், ரன் எடுக்க ஓடிவந்தவன் அவுட். கேட்சர் முதல் பேஸுக்கு எறிந்தான், அங்கேயும் அவுட். ஆறு பந்தில் இன்னிங்ஸ் முடிந்தது. வெஸ் எழுந்தபோது வெள்ளைச் சட்டை கழுத்திலிருந்து இடுப்பு வரை செம்மண்ணாக இருந்தது. அவன் முதலில் பார்த்தது ஸ்கோர் மேசையைத்தான். காரீன் எழுந்து நின்று தன் சட்டையைத் தொட்டுக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

ஏழாவது ஒன்பது பந்தில் முடிந்தது. எட்டாவதில் இரண்டு பேரை வெளியேற்றியபின் அடுத்த இரண்டு பேரும் அடித்துவிட்டார்கள். ஓட்டப்பாதையில் இரண்டு பேர். மட்டைக்கு மறுபடியும் க்ரான்ட்ஸ். காரீன் வலைக்குப் பின்னால் நான்கு விரலைக் காட்டினாள். இருபத்தாறு ஆகிவிட்டது. ஐந்தாவது பந்து தேவைப்பட்டால் ஹார்லன் வர வேண்டும். ஹார்லன் வேலியோரம் வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்து நின்றான். நார்பர்ட் கொட்டகைப் படியில் ஒரு காலை வைத்தார், எடுத்துக்கொண்டார், மறுபடி வைத்தார், ஆனால் வெளியே வரவில்லை.

ஒரு ஸ்டிரைக். ஒரு பந்து வெளியே. இன்னொரு ஸ்டிரைக். கடைசி பந்தை எறிவதற்கு முன் வெஸ் கொஞ்ச நேரம் அதைக் கையில் உருட்டினான். பதினோரு வயதிலிருந்து வீசிய கை. இதுதான் கடைசி. வருத்தமாக இருந்தது, ஆனால் வேறெங்கும் இருக்க அவனுக்கு ஆசையில்லை. வீசினான். க்ரான்ட்ஸ் அடித்தது நேரே வானத்துக்குப் போனது. போய்க்கொண்டே இருந்தது. இறங்கியபோது கேட்சரின் க்ளவுஸில் இறங்கியது.

ஒன்பதாவதுக்கு ஹார்லன் போனான். வெஸ் தோளில் ஐஸ் மூட்டையோடு மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தான். ஹார்லன் முதல் ஆளையே நடக்கவிட்டான். வெஸ் மாமனாரின் தொடையைப் பிடித்துக்கொண்டான்.

“மாமா, இது என்ன கொடுமை. வீசறதைவிட இது கஷ்டமா இருக்கே.”

“இருபத்திரண்டு வருஷமா எனக்கு இப்படித்தான். இந்த ஒன்பது வருஷமா நீ கடைசியில வருவேங்கற நெனப்புலதான் நான் உயிரோட இருந்தேன். தொடைய விடு, வலிக்குது.”

அடுத்தவன் அடித்தது தரையோடு போய் இரண்டு பேரும் ஒன்றாக அவுட். கடைசி ஆள் உயரே அடித்தான். வலது வேலிக்கு முன்னால் காத்திருந்த கைகளில் பந்து விழுந்தது. மூன்றுக்கு இரண்டு. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஹெய்டன்பர்க் மாநிலப் போட்டிக்குப் போகிறது. இர்மா மணிக்கயிறு அறுந்து கையோடு வரும்வரை அடித்தாள்.

கூச்சல் கொஞ்சம் அடங்கியபின் காரீன் நோட்டோடு கொட்டகைக்கு வந்தாள். வெற்றி கிர்பி பேரில். சேவ் ஹார்லன் பேரில், விதி அப்படித்தான். ஹார்லன் நம்பாமல் இரண்டு தடவை படித்துப் பார்த்தான். வெஸ்ஸின் பெயருக்கு நேரே எழுத எதுவும் இல்லை.

நார்பர்ட் பெஞ்சுக்கடியிலிருந்து கேக் பெட்டியை எடுத்துத் திறந்தார். நீல நூறு முழுசாக இருந்தது. பெரியவர் பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்து, அந்த நூறை அடியோடு வழித்து எடுத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். எழுதக் கையில் எதுவும் கிடைக்கவில்லை. சாசேஜ் தட்டிலிருந்த கடுகுச் சாந்து பாட்டிலை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கேக்கின் நடுவில் பெரிதாக மஞ்சளில் எழுதினார்: 6.

“இது தின்ன சகிக்காதுப்பா,” என்றாள் காரீன்.

“அந்தத் துண்டு எனக்கு,” என்றார் நார்பர்ட். ஆறையே மொத்தமாக வெட்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. கடுகுதான் காரணம் என்று சொன்னார்.